பாவல் கொடியடியில் குளியல்

குழாய்த் தண்ணீர் குடிக்க, சமைக்க, குளிக்க மட்டுமே. செடிக்கு ஊற்றினால் இணைப்பைத் துண்டிக்கலாம். விதி அவ்வளவு தெளிவு. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த மறுவருஷக் கோடையில், வலியசாலையில் எங்கள் கொல்லைக் கிணறு வற்றிவிட்டது. என் இரண்டு சின்னப் பெண்கள் தாங்கள் நட்ட பாவல் கொடிக்குக் குழாயிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தபோது குழாய் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர். அந்த வெயிலிலும் காக்கிச் சட்டையில் கழுத்துவரை பொத்தான். எந்த வீட்டிலும் பேசுமுன் குனிந்து, விரலை மண்ணில் நுழைத்து ஈரம் பார்ப்பார். அன்றும் பார்த்தார்.

"மாமா, அதுக்குத் தாகம்," என்றாள் சின்னவள்.

"ஆமாம் மோளே," என்றவர் என்னிடம் திரும்பினார். "சாமி, குட்டிகளை எங்க நிறுத்திக் குளிப்பிக்கணும்னு ரூல் உண்டோ?"

"இல்லை."

"பின்னே எந்தா? இந்தக் கொடி மூட்டிலே நிறுத்துங்கோ."

மறுநாள் முதல் குளியல் கொடியடியில்தான். பாவல் தளிர்த்தது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வாய்மொழி அனுமதி செல்லுமா? இன்ஸ்பெக்டர் இப்படிச் சொன்னார், சரிதானா என்று ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன்.

"நன்னாயிருக்கு! உதவி பண்ணின மனுஷரைக் காட்டிக் குடுத்துட்டேளே," என்றாள் மனைவி.

அடுத்த மாதம் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். பழையவர் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நான் தினமும் தபால்காரர் வரும்வரை வாசலில் நடந்தேன்.

பதில் ஒரே வரி: "குளியலுக்குத் தடையில்லை." அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கடிதம் அவரை என்ன செய்தது என்பது இன்றும் எனக்குத் தெரியாது. பதில் வந்தது ஐப்பசி ஐந்தாம் தேதி, கொட்டும் மழையில்.