வால்காக்கைக் கூடும் மாமாவின் ரம்பமும்

லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் நாங்கள் இருந்தபோது, மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. மாமா அம்மாவின் தம்பி. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து ஆறு மாதம் எங்கள் வீட்டில் சும்மா இருந்தவருக்கு அதுதான் முதல் வேலை.

வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் ஏறியவர் ஒரு கிளையையும் வெட்டாமல் இறங்கி வந்தார். என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். சுள்ளிகளை அடுக்கிய, ஆழமில்லாத கூடு. இடுக்குகளில் வானம் தெரிந்தது. விளிம்புக்கு மேலே மூன்று வாய்கள் திறந்திருந்தன. மஞ்சள் கண்ணும் நீண்ட வாலுமாக வால்காக்கைகள் இரண்டும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவந்து ஊட்டின.

"பத்து நாள் போனா பறந்துரும் பாப்பா," என்றார்.

சூப்பர்வைசர் வந்தபோது மெஷின் ரம்பம் ரிப்பேர் என்று மாமா சொல்லிவிட்டார். மறுநாளும் அதே பதில். மாமாவுக்கு மெஷின் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை, அதே ரம்பத்தால் அவர் அடுப்புக்கு விறகு அறுப்பதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று சூப்பர்வைசர் வந்ததும் ஓடிப்போய், பள்ளியில் கற்ற இந்தியில் கத்தினேன்.

"மெஷின் டீக் ஹோ கயா, சாப்!"

சரியாகிவிட்டது என்ற நல்ல செய்தியைச் சொன்ன பெருமை எனக்கு. சூப்பர்வைசர் விறகுக் குவியலைப் பார்த்தார். மாமா தலைகுனிந்து நின்றார். மதியம் வேறொரு ஆள் வந்து கிளையை வெட்டினான்.

விழுந்ததில் இரண்டு குஞ்சுகள் பிழைத்தன. மாமா அவற்றை மீன்கூடையில் சுள்ளி பரப்பி வைத்து, பக்கத்து மரத்தில் கட்டினார். பறவைகள் வெகுநேரம் கத்தித் தீர்த்தன. நாங்கள் வாசலுக்கு நகர்ந்த பிறகு ஒன்று பூச்சியோடு கூடையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. மாமா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கெடைச்ச வேலையையும் விட்டுட்டியேடா," என்று அம்மா அழுதாள்.  சாயங்காலம் மாமா ஜெட்டிக்குப் போய், பக்கத்துப் பெரிய தீவிலிருக்கும் ரங்கத்துக்குக் காலையில் எத்தனை மணிக்கு போட் என்று கேட்டுவந்து, பையில் துணிகளை அடுக்கினார்.

ஊர் சுற்றத்தான் கிளம்புகிறார் என்று நினைத்து, நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன்.