இத்தா வீட்டுக்கு வந்த பூனை

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது லாத்தா, நான், எதிர்வீட்டு மாமி, மீன்பெட்டிக்குள் ஒரு பூனை. வேறு யாரும் இல்லை. இருக்கவும் கூடாது. மச்சான் மவுத்தாகி, என் அக்கா, லாத்தா, இத்தாவில் இருந்த நேரம் அது. புருசனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு உச்சிப்புளியிலிருந்து தொண்டிக்குத் துணைக்கு வந்திருந்தேன். பெட்டியைக் கொண்டுவந்தவர் படகுத்துறை ஐஸ் கம்பெனிக்காரர். கதவைத் தட்டிவிட்டு, வாசல் திரைக்கு அந்தப் பக்கம் தெருவிலேயே நின்று, "கடை மூடுனதுலேருந்து அங்கனயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்மா. நாங்க போட்டா வாய வைக்க மாட்டேங்குது. அண்ணன் கையால தின்னு பழகுனது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டியின் மேல் பழைய வலைத்துண்டு கட்டியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. அதில் இரண்டு கண், முழுக்கக் கறுப்பாக.

மச்சான் துறையில் டீக்கடை வைத்திருந்தார். பேச்சே இல்லாத மனுசர். டீ குடிக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு ஆத்திக் கொடுப்பார், அவ்வளவுதான். அவர் ஒரு பூனைக்குச் சோறு போட்ட சங்கதி லாத்தாவுக்கே தெரியாது. பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "கட்டுனவகிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேசாத ஆளு, இதுகிட்ட என்னத்தச் சொல்லி மயக்குனாருன்னு தெரியலயே" என்றாள். பிறகு, "இது இங்கனயே இருக்கட்டும்" என்றாள். மச்சான் போனதிலிருந்து அவளாக வேண்டுமென்று கேட்டது அது ஒன்றுதான். நான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். இது ஓடிவிட்டால் தேடிப் போக லாத்தாவால் முடியாது, வாசலைத் தாண்டக் கூடாது. நான் தேடலாம், ஆனால் என் குரலுக்கு அது வராது. கூப்பிட ஒரு பேர்கூட இல்லை. மச்சான் பேர் வைத்தாரா, வாயால் ஏதாவது சத்தம் கொடுத்துக் கூப்பிட்டாரா, கேட்டுச் சொல்ல அவரும் இல்லை.

எதிர்வீட்டு மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கடுவனா பொட்டையான்னு பாத்தியளா? கடுவன்னா இத்தா வீட்டுக்குள்ள வச்சுக்கிடலாமா?" என்றார்.

"ஆமா மாமி, மீசை வேற வச்சிருக்கு. நான் முக்காட்ட இழுத்து விட்டுக்கிறேன்" என்றாள் லாத்தா.

மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. லாத்தாவும் சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை. மிருகத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மாமி கேட்டது மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். படித்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை இறக்கிவைக்க எனக்குத் தெரியாது.

பூனை கட்டிலுக்கடியில் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. வைத்த மீனை நாங்கள் பார்க்கும்போது தொடுவதில்லை, விடிந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். எலி தின்றிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சும்மா சும்மா தரையில் படுத்து, போனில் டார்ச் அடித்து, மூச்சு விடுகிறதா என்று பார்ப்பேன். லாத்தாவையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாய் சோறு உள்ளே போனது, எப்போது புரண்டு படுத்தாள், தொழுகையில் ஏன் இவ்வளவு நேரம் தலையைத் தூக்கவில்லை. ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள்: "ஏண்டி, பூனைக்கும் எனக்கும் ஒரே டார்ச்ச அடிக்கிற. நாங்க ரெண்டு பேரும் எங்கன ஓடுறது?"

அவளுக்கு வேறு வேலை இல்லை. ஓதுவாள், தொழுவாள், மீதி நேரமெல்லாம் சுவரில் சாய்ந்து பூனையைப் பார்ப்பாள். நேராகப் பார்க்க மாட்டாள். ஜன்னலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து கடைக்கண்ணால் பார்ப்பாள். ஒருதடவை நான் தட்டை நகர்த்தும்போது அதன் வால் தரையில் பட்டுப் பட்டு ஆடியது. "லாத்தா, வாலை ஆட்டுது, பழகிருச்சு" என்று சந்தோசமாகச் சொன்னேன். "நாய் ஆட்டுனாத்தாண்டி சந்தோசம். நம்ம உம்மா கோவம் வந்தா முந்தானைய உதறுமே, அந்த உதறல் இது. கைய எடு" என்றாள். எடுப்பதற்குள் கையில் கீறல் விழுந்துவிட்டது. காது விறைப்பாக நின்றால் சத்தத்தைக் கேட்கிறது, பக்கவாட்டில் மடிந்தால் பயப்படுகிறது, தலையோடு ஒட்டிப் படுத்தால் இனி ஒரு விரல் கிட்டே போகக்கூடாது. ஒவ்வொன்றாக அவள் கண்டுபிடித்துச் சொன்னாள், பாதியைத் தப்பாகவும் கண்டுபிடித்தாள். பூனை அவளைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தபோது, பயந்துபோய், கண்ணில் ஏதோ நோவு, மருந்து வாங்கி வா என்று என்னை விரட்டினவளும் அவள்தான். மருந்து வாங்கி வருவதற்குள் அவளும் பதிலுக்கு அப்படியே கண்ணை மூடித் திறந்து பார்த்திருக்கிறாள். அது முன்காலை நீட்டிப் படுத்துக்கொண்டதாம். மருந்து அப்படியே அலமாரியில் கிடந்தது. இப்போது என் மகள் இதையெல்லாம் போனில் வீடியோவாகக் காட்டுகிறாள். பூனை கண்ணை மூடித் திறந்தால் நம்புகிறது என்று அர்த்தமாம். அரை நிமிசத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஒருநாள் மத்தியானம், லாத்தா லுகர் தொழுதுகொண்டிருந்தாள். மாமி அப்போதுதான் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஒருநாளைக்குப் பத்துத் தடவை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிற நான் அன்று தாழ் போடவில்லை. திரை மட்டும் தொங்கியது. பூனை கட்டிலுக்கு வெளியே வந்து, முதல்தடவையாக, தரையில் மல்லாந்து வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் என்னை அரித்துக்கொண்டிருந்ததை இன்றைக்குப் பார்த்து முடித்துவிடலாம், கடுவனா பொட்டையா. கிட்டப் போய்ப் பின்னங்காலை விலக்கினேன். அவ்வளவுதான். நாலு காலாலும் என் கையைப் பிடித்துக் கடித்துவிட்டு, திரைக்கடியில் புகுந்து தெருவுக்குப் போய்விட்டது.

தெருவில் நின்ற லோடு ஆட்டோவுக்கு அடியில் இருந்தது. நான் பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு, வா வா என்று குனிந்து கூப்பிடக் கூப்பிட, அது பின்சக்கரத்துக்குப் பின்னால் போனது. குழாயடியில் நின்ற பெண்கள், "என்னக்கா, ஆட்டோவுக்கா மீன் ஊட்டுறிய" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது வண்டியை எடுத்தால் போச்சு. துறைப் பக்கம் ஓடினால் நாய்கள் இருக்கின்றன. லாத்தா முகத்தில் எப்படி முழிப்பேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. தொழுது முடித்து வாசல்வரை வந்திருந்தாள். அதற்கு மேல் வர முடியாது. "தொரத்தாதடி. முதுகக் காட்டி உக்காரு."

உட்கார்ந்தேன். திரையின் ஓரம் ஒரு சாண் விலகியிருந்தது. உள்ளே வாசற்படியை ஒட்டி லாத்தா பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஜன்னலைப் பார்ப்பாளே அந்த மாதிரி, எங்கேயோ பார்த்துக்கொண்டு. யாராவது ஆம்பளை வந்துவிடுவானோ என்று நான் தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்துப் பூனை வெளியே வருவது கடைக்கண்ணில் தெரிந்தது. வயிறு தரையைத் தேய்க்க, நடுத்தெருவரை வந்து நின்றுவிட்டது. என்னைப் பார்த்தது. காது இரண்டும் பக்கவாட்டில் மடிந்தன.

"நீ மாமி வீட்டுக்குப் போயிரு" என்றாள் லாத்தா.

"நான் போயிட்டா யாரு பிடிக்கிறது?"

"யாரும் பிடிக்க வேணாம். போ."

அப்போதுதான் உறைத்தது. அது தெருவுக்குப் பயப்படவில்லை, ஆட்டோவுக்கும் பயப்படவில்லை. இத்தனை நாளும் கட்டிலுக்கடியில் அது ஒளிந்துகொண்டது என் டார்ச்சிடமிருந்து. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் எதிர்வீட்டுக்குள் போனேன். என் வாழ்நாளில் எதையும் அப்படித் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு வந்ததில்லை. மாமி என் கையில் ரத்தத்தைப் பார்த்து மஞ்சள் வைத்தார். வைத்துக்கொண்டே, "கடுவன்தானா?" என்று கேட்டார். "பாக்க விடல மாமி" என்றேன்.

எங்கள் வீட்டுக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்ததால் மூடினாளா, இனி வராது என்று மூடினாளா. மாமி கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினேன். ஆட்டோவுக்கடியில் ஒன்றுமில்லை. கதவைத் தட்டினேன்.

"மெல்ல" என்றாள் லாத்தா உள்ளேயிருந்து. "திங்குது."

நான் மறுபடி தட்டவில்லை. திறக்கச் சொல்லவும் இல்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அந்த வெயிலிலேயே நின்றேன்.