பதினோரு நொடி மௌனம்

விரல் நகம் அளவே உள்ள ஒரு சட்டை மைக் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஹெப்பகோடியில் ஒரு பெரியவரின் சட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில் அதைக் குத்திவிட்டவன் நான். கோலார் தங்கவயலில் பாறை துளைத்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு, கடைசிக் காலத்தில் மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். நான் ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன். அவரை வைத்து எடுத்த படத்தின் இயக்குநரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னணிக் குரல் வைத்து விளக்கம் சொல்லும் இயக்குநர்களை அவர் வாத்தியார்கள் என்பார். எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் படமெடுப்பவர்களைப் போலீஸ்காரர்கள் என்பார். "நாம் பார்க்க மட்டுமே செய்கிறோம், எதிலும் கை வைப்பதில்லை" என்று காக்ஸ் டவுன் பேக்கரியில் டீ ஆறிப்போகும்வரை ஆங்கிலத்தில் வகுப்பெடுப்பார். தமிழ் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

மூன்று நாள் பெரியவர் கிண்டலும் சிரிப்புமாக இருந்தார். இயக்குநருக்கு அது சுவைக்கவில்லை. நான்காம் நாள் காலை, மாடிப்படியில் மூச்சு முட்டி அவர் உட்கார்ந்தபோதுதான் இயக்குநர் கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். "போதும் தம்பி, நிறுத்தச் சொல்லுப்பா. எம் பொண்ணு இத பாக்கக் கூடாது." பெரியவருக்குக் குரல் எழும்பவில்லை. ஹெட்ஃபோன் மாட்டியிருந்த என் காதில் மட்டும் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

எடிட்டிங்கின்போது, அந்த இடத்தில் பெரியவர் என்ன சொல்கிறார் என்று இயக்குநர் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த இடத்தில் ஒலியை எடுத்துவிடு, மௌனம் அழகாக இருக்கும் என்றார். எதிலும் கை வைக்காத மகான். எடுத்தது என் கை. அந்தப் பதினோரு நொடி மௌனத்தைத்தான் பிறகு படம் பார்த்த எல்லாரும் எழுந்து நின்று பாராட்டினார்கள்.

போன மாதம் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தப் படத்தை மறுபடி திரையிட்டார்கள். பெரியவர் இப்போது இல்லை. மகள் வந்திருந்தாள். மேடையில் இயக்குநர் மௌனத்தின் மகிமையைப் பேசிக்கொண்டிருக்க, அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, அப்பா வாய் அசையுதே, என்னா சொல்றாரு?"

அழிக்காமல் வைத்திருந்த பதிவை என் போனில் கேட்கக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டாள். மேடையை முறைப்பாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தாள்.

"தம்பின்னு உங்களத்தானே கூப்பிட்டாரு."

வீட்டுக்கு வந்து மைக்கை எடுத்துச் சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.