நெட்டையனுக்கு வாங்கிய பூட்டு

மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற இடத்தில் சாவியக்காவின் கடை. பூட்டு விற்பாள், சாவி வெட்டுவாள், சாவியைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு வருகிறவர்களுக்குப் பூட்டைத் திறந்தும் கொடுப்பாள். கல்யாணம் ஆகவில்லை. தங்கை பெற்ற இரண்டு பையன்கள்தான் அவளுக்கு எல்லாம். பெரியவன் நெட்டையன், சின்னவன் உருண்டை. பெயர் வைத்தவளும் இவள்தான்.

குழந்தையும் இல்லாத பெரியவனும் இல்லாத அந்த வயதுப் பையன்களுக்குப் பரிசு வாங்குவது மாதிரித் தலைவலி வேறு இல்லை. கைக்கு அடக்கமாக எதை வாங்கினாலும் சின்னப் பிள்ளைச் சாமானாகத் தெரியும். அவர்கள் ஆசைப்படுவதற்கோ கடையையே விற்றாலும் கட்டுப்படியாகாது. சட்டை எடுத்துக் கொடுத்தால் நாலு மாதத்தில் மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொள்ளும். பந்து வாங்கிக் கொடுத்தால் "நல்லாருக்கு பெரியம்மா" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு மூலையில் போடுவார்கள். அந்த "நல்லாருக்கு" அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் பழைய சாமான் கடையில் இரண்டு தகரப்பெட்டிகளைப் பேரம் பேசி வாங்கி, துருவைச் சுரண்டி, தன் கடையிலிருந்தே ஆளுக்கொரு பூட்டு மாட்டிக் கொடுத்தாள். காரணம் இருந்தது. தங்கைக்குத் துருவுகிற கை. பிள்ளைகளின் பை, சட்டைப்பை, தலையணை உறை எதுவும் தப்பாது. "நான் பெத்த பிள்ளைங்க, எங்கிட்ட என்ன ஒளிவு மறைவு?" என்பாள்.

உருண்டை பெட்டியில் தின்பண்டத்தை வைத்துப் பூட்டி, மறுநாளே சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். நெட்டையன் "நல்லாருக்கு" என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லாமல் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அன்றைக்குச் சாவியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆயுசு இல்லை. ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் தங்கை மூச்சு வாங்க வந்து, நெட்டையனின் பெட்டியை மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

"திற."

"அவன் பெட்டிடி இது."

"ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறான். இருட்டினப்புறம் வீட்டுக்கு வர்றான், வந்ததும் இதுக்குள்ள எதையோ வச்சுப் பூட்டுறான். அடுத்த தெருப் பையன் போதை மாத்திரை போட்டுக் கெட்டுப்போனானே, அவனும் இப்படித்தான் ஆரம்பிச்சான். திறக்கா."

"அவன் வரட்டும். அவன் முன்னாலயே கேட்டுக்கலாம்."

"பூட்டு குடுத்தவ நீ. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?" தங்கையின் குரல் உடைந்தது. "சுத்தியால உடைச்சிருப்பேன். உன் கடைப் பூட்டாச்சேன்னு தூக்கிட்டு வந்தேன்."

சாவியக்கா பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். திறந்தால் பையன் தன் முகத்தில் விழிக்க மாட்டான். திறக்காமல் விட்டு, தங்கை பயப்படுகிற மாதிரி ஏதாவது உள்ளே இருந்துவிட்டால்? பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கனமாக எதுவும் உருளவில்லை. மாத்திரைக்கு என்ன கனம்?

இரண்டு கம்பிகளை எடுத்தாள். ஊரார் பூட்டையெல்லாம் பேசிக்கொண்டே திறக்கிற கை, இன்றைக்கு வழுக்கியது. நல்ல பூட்டாகப் பொறுக்கிக் கொடுத்தவளும் அவளே, இப்போது அதோடு மல்லுக்கு நிற்பவளும் அவளே. தங்கை பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். பூட்டு விட்டுக்கொடுத்து, அதன் வளைந்த கொக்கி மேலே எழும்பியது.

கடைக்குள் விழுந்த தெருவிளக்கு வெளிச்சம் மறைந்தது. வாசலில் நெட்டையன், புத்தகப் பையோடு.

பெட்டியைக் காணாமல் ஓடி வந்திருக்கிறான். அம்மாவைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், பெரியம்மாவின் கையிலிருந்த கம்பிகளைப் பார்த்தான். கத்துவான் என்று சாவியக்கா எதிர்பார்த்தாள். அவன் கத்தாமல் வந்து மூடியைத் தானே தூக்கினான்.

"பாத்துக்கோ."

உள்ளே அவனுடைய பள்ளிச் சட்டை. கை தோளோடு கிழிந்து தொங்கியது. காலரில் காய்ந்த ரத்தம். அதற்கடியில் இன்னொன்று, பொத்தான்கள் பிய்ந்தது. தங்கை சட்டையை வாரி எடுத்தாள்.

"யாருடா? எந்தப் பாவிடா?"

"பள்ளிக்கூடத்துக்கு வந்து நீ சத்தம் போடுவ. அப்புறம் இன்னும் அடிப்பானுங்க. அதான் சொல்லல. அவனுங்க போனப்புறம் சுத்தி வர்றேன், அதான் லேட்டு." சொல்லிவிட்டு அவன் சாவியக்காவின் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "வேற பூட்டு குடுங்க பெரியம்மா. உங்களால திறக்க முடியாத பூட்டா."

விலை உயர்ந்த பூட்டுகள் சாவியக்காவின் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கின. ஒன்றை எடுத்து நீட்டிச் சமாதானம் பண்ணியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"அப்படி ஒண்ணு இந்தக் கடையில கிடையாதுடா."

"அப்போ நீங்க திறக்காம இருங்க."

"இருக்கேன். ஆனா அடுத்த தடவ எவனாவது உன்மேல கை வச்சா, பெட்டிக்குள்ள வைக்காம எங்கிட்ட வந்து சொல்லணும். நான் சத்தம் போட மாட்டேன். என்ன பண்ணலாம்னு ரெண்டு பேருமா யோசிப்போம்."

"சொல்றேன்" என்றான், தரையைப் பார்த்து.

தங்கை இதற்குள் சட்டையைப் புரட்டி, கிழிசலைச் சேர்த்துப் பிடித்து, ஊசி தேடுகிற கண்ணோடு மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. சட்டையை மடித்து, எடுத்த இடத்திலேயே, பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பிள்ளைகளிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"இத நான் எடுத்துத் தைக்கட்டுமா?"

கேட்டுவிட்டுப் பெட்டியைத் தொடாமல் நின்றாள்.

"தைச்சுக் குடும்மா" என்றான்.