யூனிஃபார்ம் அக்கா வாங்கிய நிலம்

எங்கள் அக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே காலத்தை ஓட்டியவள். துணிக்கடைக்காரன் கைப்பிடி அகலம் குறைத்து வெட்டினாலும் கல்லாவுக்கு முன்னாலேயே விரித்துக் காட்டி மானத்தை வாங்கிவிடுவாள். அவளுடைய கல்யாணப் பேச்சை எடுத்து வந்தவர்களைச் சட்டைக்கு அளவெடுத்துத் திருப்பி அனுப்பினாள். எல்லோருக்கும் அவள் யூனிஃபார்ம் அக்கா. நான் தங்கை. காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் என் வேலை. எங்கள் தையல் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் இருவரும் குடியிருந்தோம். படுத்தால் பழைய தையல் மிஷினில் கால் இடிக்கும்.

வயசான காலத்தில் அவளுக்கு நிலத்தின் மேல் ஆசை வந்தது.

"கண்ணு மங்குறதுக்குள்ள நமக்குன்னு ஒரு இடம் வேணும்டி. சின்னதா ஒரு வீடு. காலை நீட்டிப் படுக்கணும்," என்றாள்.

வாரா வாரம் பஸ் ஏறிப் போய் நிலம் பார்த்தாள், பார்த்ததையெல்லாம் தட்டிக்கழித்தாள். ஒன்று உப்பு மண். ஒன்றில் கிணறு இருந்தது, தண்ணீர் இல்லை. இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய, விற்பவருடைய தம்பி எங்கோ ஓடிப்போயிருந்தான். கடைசியில் ஒரு தோட்டக்காரர் தன் தோட்டத்தின் கோடித் துண்டை விற்பதாகச் சொன்னார். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடும் கோடையில் போய்க் கிணற்றுக்குள் கயிறு விட்டாள். பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்து வில்லங்கம் பார்த்தாள். சர்வேயரை வைத்து ஒவ்வொரு கல்லாக அளந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போகும்போதெல்லாம் தோட்டக்காரர் ரோட்டுக்கே வந்து, பெரிய கேட்டைத் திறந்து, தன் தோட்டத்து வழியாக எங்களை அழைத்துப் போவார். அவர் மனைவி டீ போட்டுக் கொடுப்பாள். "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க தங்கச்சி," என்பார். அக்காவும் அப்படியே நினைத்துத் தொலைத்தாள்.

பத்திரம் பதிந்த மறுநாள் மண்வெட்டியோடு போனோம். கேட்டில் பூட்டுத் தொங்கியது.

"அண்ணே, கேட்டைத் திறங்க. நிலத்துக்குப் போகணும்," என்றாள் அக்கா.

"தாராளமாப் போங்க. உங்க நிலம், நான் யாரு தடுக்க? ஆனா இது என் தோட்டம்மா. உங்க பத்திரத்துல வழின்னு ஒரு வார்த்தை இருக்கா, பாருங்க."

இல்லை. மண், கிணறு, மரம், கல் எல்லாம் இருந்தது. மூன்று பக்கம் அவருடைய வேலி, நாலாவது பக்கம் ஓடை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வக்கீலிடம் ஓடினோம்.

"கேஸ் போட்டா கண்டிப்பா ஜெயிக்கலாம்," என்றார் அவர்.

எப்போது என்று கேட்டோம். அவர் அக்காவின் வயதைக் கேட்டார்.

செங்கல் லாரி ஓடைக்குள் இறங்காது, அதனால் வீடு போச்சு. அக்கா விடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகி, இடுப்பளவு தண்ணீரில் நாற்றைத் தலையில் சுமந்துபோய்த் தக்காளி போட்டாள். காய்த்துத் தள்ளியது. பறிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடையும் தலையுமாக ஓடைக் கரையில் இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஓடையோ கரைபுரண்டு போனது. அவளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வழியில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

தோட்டக்காரர் குடையோடு வந்தார். அவசரமே படவில்லை.

"அண்ணே, கால் போச்சு! கேட்டைத் திறங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

"திறக்குறேன்மா. நிலம் இப்போதைக்கு உங்க அக்கா பேர்லயே இருக்கட்டும். நான் கூட்டிட்டு வர்ற ஆளுக்கு வித்துடணும். வர்றதுல பாதி எனக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

சேற்றில் கிடந்தபடியே அக்கா சரி என்றாள். அதற்குப் பிறகு அவரே கட்டிலைக் கொண்டுவந்து, ஆட்களை வைத்துத் தூக்கி, பதமாக வண்டியில் ஏற்றினார். அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று வழியெல்லாம் திட்டினேன்.

மாவுக்கட்டோடு அவள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர் கடைக்கு வந்தார்கள். அவன் பஸ் டிரைவர். அவள் இடுப்பில் கைக்குழந்தை. தோட்டக்காரர்தான் அனுப்பியிருந்தார்.

"யூனிஃபார்ம் அக்கா சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் நேர்ல கேட்டுட்டுப் போகலாம்னு," என்றான் அவன்.

மண்ணைக் கேட்டார்கள். நல்ல மண் என்றாள். தண்ணீரைக் கேட்டார்கள். கோடையிலும் வற்றாது என்றாள். பத்திரத்தைக் கேட்டார்கள், எடுத்து நீட்டினாள். ஒன்றுகூடப் பொய் இல்லை. வழியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஊசியும் நூலுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் குனிந்து மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"அய்யோ, காலுக்கு என்னாச்சுக்கா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா," என்றாள் அக்கா.