தொலைந்த வால்மீனும் பத்து நிமிடமும்

பதினெட்டு வருடமாக எனக்கு ஒரு வால்மீனோடு தீராத வழக்கு. அதைத் தீர்க்கத்தான் போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் வீட்டுக்காரரும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேவிகுளத்துக்குக் கிளம்பினோம்.

ஆறு வருடத்துக்கொருமுறை சூரியனைச் சுற்றி வரும் சின்ன வால்மீன் அது. கண்டுபிடித்த வருடம் சில நாள்தான் தெரிந்தது. நானும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து படம் எடுத்து, நேரம் குறித்து, பாதையைக் கணிப்பவர்களுக்கு அனுப்பினேன். நேரம் பத்து நிமிடம் தவறு, சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. நேரம் பார்த்துச் சொன்னவர் இவர். குறிப்புகள் போதாமல் பாதை சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த இரண்டு முறை யார் தேடியும் அது அகப்படவில்லை. தொலைத்ததில் எனக்கும் பங்குண்டு என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை யாரோ புண்ணியவான் மறுபடி கண்டுபிடித்துவிட்டார். ஒரு சரியான குறிப்பாவது அனுப்பியாக வேண்டும். ஞாயிறு ஊர் திரும்ப வேண்டும், அடுத்த வாரம் நிலா பெருத்துவிடும். ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு மாலை. எங்கள் ஊரில் புழுதி மூட்டம், அதனால்தான் மலை.

காலை 6.10 பஸ்ஸில் பொள்ளாச்சி, இருபத்தைந்து கிலோமீட்டர். உடுமலையில் 8.45க்கு மூணாறு வண்டி. சின்னாறு காட்டுக்குள் இவர் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு யானை பார்க்கிறேன் என்று தூங்கினார். மூணாறு சேர 12.50. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் தேவிகுளம், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

ஐந்து மணிக்குக் கேமரா முக்காலியை நிறுத்தினேன். ஐந்தேகாலுக்கு எதிரிலிருந்த தேயிலைச் சரிவையே காணோம். அப்படி ஒரு பனிமூட்டம். எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கிய இடத்து வாசலில் நின்ற ஜீப்காரர் அந்தோணி, பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர், வானத்தைப் பார்த்தார்.

"அக்கா, இங்கன நின்னா விடியுற வரைக்கும் மஞ்சுதான். சித்திரபுரம் பக்கம் எறங்கிட்டா மேக்கால தொறந்து கெடக்கும். வெரசா ஏறுங்க."

தொள்ளாயிரம் ரூபாய் என்றார். பேரம் பேச நேரமில்லை. வளைவுக்கு வளைவு என் பயம் கோபமாகி, வழக்கம்போல இவர் தலையில் விடிந்தது.

"அன்னிக்கு நீங்க மட்டும் கடியாரத்த ஒழுங்கா பாத்திருந்தா, இன்னிக்கு இந்த அலைச்சல் எதுக்குங்க?"

இவர் வெளியே பார்த்தபடி சொன்னார். "ஒழுங்காத்தான் பாத்தேன் புள்ள. பொள்ளாச்சி பஸ் உட்டுருவோம்னு செவுத்துக் கடியாரத்தப் பத்து நிமிசம் முன்னால வெச்சது நீதான்."

நானேதான். ஸ்டூல் போட்டு ஏறி வைத்தேன்.

"ஏனுங்க இத்தன வருசம் சொல்லல?"

"லெட்டர் வந்தன்னிக்கு நீ அழுதுட்டிருந்தே. அப்பறம் சொல்லி என்னத்துக்கு?"

அந்தோணி கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கியரை மாற்றினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

6.30க்கு சித்திரபுரம். மேற்கே சுத்தமான வானம். 6.58லிருந்து படம் எடுத்தேன். இவர் ஃபோனைப் பார்த்து விநாடி விநாடியாக நேரம் சொன்னார். முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் பஞ்சுத் துணுக்கு போல ஒன்று, அடுத்ததில் கொஞ்சம் நகர்ந்து. நகர்ந்தால் அது வால்மீன்தான்.

அந்தோணி எட்டிப் பார்த்தார். "இதுக்கா அக்கா, பொள்ளாச்சி சுத்தி வந்தீங்க?"

"ஆமா," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: தேவிகுளத்தில் அறை எடுங்கள், ஆனால் மாலையில் மேற்கே இறங்க ஒரு ஜீப்பை மதியமே சொல்லிவையுங்கள். ஸ்வெட்டர் அவசியம். நேரத்தை ஃபோனில் மட்டும் பாருங்கள். தொலைந்தது திரும்பக் கிடைக்கும்போது நம் தப்பும் கூடவே வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

நான்கு நாள் கழித்துக் குறிப்பு ஏற்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. பார்த்தவர் என்ற இடத்தில் பழைய கடிதத்தில் என் பெயர் மட்டும் இருக்கும். இதில் நான் எழுதி அனுப்பியபடியே இரண்டு பெயர். முதல் பெயர் இவருடையது.