பூஜையில் மாட்டிக்கொண்ட கால்

சாலம்மாளின் வலது கால் எப்படிப் போனது என்று மூங்கில்துறைப்பட்டு ஆலைச் சாலையில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவைதான். கரும்பு வண்டிக்காரர்களிடம், கல்வராயன் மலைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்விட்டது என்றாள். கரியாலூரிலிருந்து புளி கொண்டுவரும் அம்மாசி மட்டும் நம்பவில்லை. "எங்க மலையில எந்தச் சிறுத்த அதத் தின்னிருந்தாலும் இந்நேரம் சர்க்கர வந்து செத்திருக்கும்" என்றான்.

உண்மையும் அதுதான். சர்க்கரை நோய். பாதத்தில் முள் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் கறுத்திருந்தது. புதுச்சேரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "ஊருக்கெல்லாம் ஆலையில சர்க்கர. எனக்கு மட்டும் ஒடம்புலயே ஆலை வச்சிக் குடுத்துட்டான் ஆண்டவன்" என்றவள், அடுத்த பேச்சாகத் தன் இட்லிக் கடைச் சாவி எங்கே என்று கேட்டாள்.

சாவி அண்ணன் கந்தசாமியிடம் இருந்தது. வம்பும் அங்கேதான் இருந்தது. அவருக்குத் தங்கைமேல் கொள்ளைப் பாசம். அந்தப் பாசத்திலிருந்து தப்பிக்க இரண்டு காலும் வேண்டும். புருஷன் இல்லை, இப்போது காலும் இல்லை என்று தன் வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தார். எழுந்தால் "உக்காரு" என்பார். தண்ணீர் மொண்டால் "வையி, நாங்க இல்ல?" என்பார். ஆலைச் சாலையில் இருந்த அவள் கடையைச் சங்கராபுரத்து ஆள் ஒருவனுக்கு விடுவதாகப் பேசியும் வைத்துவிட்டார்.

சாலம்மாள் விடவில்லை. கள்ளக்குறிச்சியில் செயற்கைக் கால் முகாம் என்று கேள்விப்பட்டு, அண்ணி ஆயம்மாளை நச்சரித்துக் கூட்டிப்போய் அளவு கொடுத்து வந்தாள். கால் வந்தது. அம்மாசி மலையிலிருந்து இறக்கிய இரண்டு மூங்கிலை வாசலில் இடுப்பு உயரத்துக்குக் கட்டிக் கொடுத்தான். அதற்கு நடுவே, இரண்டு பக்கமும் பிடித்தபடி நடை பழகினாள். கொப்புளம் கண்டால் காலைக் கழற்றி ஓய்வு; ஆறியதும் துணி சுற்றி மறுபடி மாட்டுவாள். முகாமில் இருந்த நர்ஸம்மா சொல்லியிருந்தபடி, மிச்சமிருந்த காலின் உள்ளங்காலைத் தினமும் கண்ணாடியில் பார்த்தாள். புண் வந்தால் அதற்கும் வலிக்காதே.

ஆயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்சி கழுவ மறந்தாலும் காலுக்குக் கண்ணாடி காட்ட மறக்க மாட்டா!"

"இன்னா பண்றது அண்ணி? மூஞ்சி எங்கியும் போவாது. காலுதான் சொல்லாம கொள்ளாம போயிடுது."

கடைசியில் கந்தசாமி ஒரு நிபந்தனைக்கு வந்தார். "விஜயதசமி அன்னிக்குக் காலையில நீயே நடந்துபோயி அடுப்பப் பத்த வையி. கட உன்னுது. யாராச்சும் கையப் புடிச்சிக் கூட்டினு போனாங்கன்னா சங்கராபுரத்தானுக்குத்தான்."

அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு சனங்கள் ஊர் ஊராகச் சாலைக்கு வந்து, மரங்களைக் குறுக்கே வெட்டிப் போட்டு, பஸ் லாரி ஓடாமல் நிறுத்திய வாரம் அப்போதுதான் முடிந்திருந்தது. கந்தசாமியும் தன் பங்குக்கு ஒரு புளியமரத்தைச் சாய்த்தார். ஆவேசத்தில் தன் கரும்பு வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கவில்லை. மரத்துக்கு இந்தப் பக்கம் வண்டி, அந்தப் பக்கம் ஆலை. வெட்டிய கரும்பு வண்டியிலேயே சுண்டிப்போனது. இப்போது மரம் வெட்டியவர்களைத் தேடி போலீஸ் ஜீப் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை அன்று சாலம்மாள் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் குளித்தாள். வந்து பார்த்தால் காலைக் காணோம். நடுவீட்டில் ஏர், அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் வரிசையில் அதுவும் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டிருந்தது.

"இது இன்னா அண்ணி?"

"நாளைக்கு நீ பொழைக்கப் போறது அத வச்சித்தானே? அருவாளுக்குப் படைச்சிட்டு அத வுட்டா சாமி கோச்சுக்காதா?"

பாசத்தில் செய்த வேலை, திட்டவும் முடியவில்லை. கந்தசாமி சூடம் காட்டினார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில், படைத்தவரே மறுபடி சூடம் காட்டி இறக்கிக் கொடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அது. சாயங்காலமே ஜீப் சத்தம் கேட்டது. பின்பக்கமாகக் கரும்புக்குள் ஓடிய கந்தசாமி திரும்பவில்லை.

விஜயதசமி விடிந்தது.

"அண்ணி, காலக் குடு."

"அவரு வந்து எறக்கட்டும். நடுவுல எடுத்தா வூட்டு ஆம்பளைக்கு ஆவாது."

"ஆவுறதுக்கு இன்னும் இன்னா பாக்கி? ராவெல்லாம் கொசு தின்னுக்கினு இருந்திருக்கும் அவர."

"வெளையாடாத சாலா. எனக்கு பயமா இருக்குது."

சாலம்மாள் சுவரைப் பிடித்துத் தத்தித் தத்தி வந்து, பூஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "எனக்கும்தான் பயம். இன்னிக்குப் போவலன்னா அந்தக் கட்டில்லயே கெடந்து சாவணும். நீயும் மூணு வேளையும் நல்லாத்தான் சோறு போடுவ. அதான் இன்னும் ஜாஸ்தி பயம்."

சாலம்மாள் சூடத்தை எடுத்தாள்.

"அய்யோ, நீ ஏத்தக் கூடாதுடி!"

"ஏன்? தாலி இருக்குதான்னு பாத்துட்டா சூடம் எரியுது?" ஏற்றிவிட்டாள். "சாமி, கோவம்னா என்கிட்டயே காட்டு. ஒரு கால எடுத்துட்ட, இன்னும் ஒண்ணு இருக்குது."

ஆயம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் பாக்கல" என்றாள். திரும்பியபடியே கடைச் சாவியையும் ஒரு தூக்குவாளியையும் பின்னால் நீட்டினாள். "கடைக்கு எதுத்தாப்புல நம்ம கரும்புலதான் இருக்காரு. இந்தச் சோத்தக் குடுத்துட்டுப் போ."

ஒரு கையில் கோல், இன்னொரு கையில் தூக்கு, மாட்டிய காலில் சாமந்தி மாலையுமாக சாலம்மாள் கிளம்பினாள். வழியில் படுத்திருந்த நாய்கள் சாமி ஊர்வலம் என்றே நினைத்து எழுந்து ஒதுங்கின. கடை வாசலை அடைந்தபோது எதிர் வயல் பேசியது.

"யாரு புடிச்சிக் கூட்டினு வந்தாங்க?"

"வெளிய வந்து பாரேண்ணே."

"வர முடியாதுன்னு தெரியுமில்ல?"

"அப்ப நம்பு." தூக்கை நீட்டினாள். தோகைக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டு போனது.

"நீ நடந்தத நான் பாக்கல. பாக்காதது செல்லாது. சங்கராபுரத்தான் வரட்டும்."

சாலம்மாள் கடையைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தாள். புகை எழும்பவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வயல் கப்சிப். ஏட்டு இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டீ போடும்மா. இன்னா, காலுக்கு மாலையெல்லாம்?"

"பாலு இல்லாத டீதான் சார். இந்த ஊருல என்னைவிட என் காலுக்குத்தான் மரியாத."

"மரம் வெட்டுன கந்தசாமி உன் அண்ணனாமே. இது அவன் கடையா?"

சாலம்மாள் தேவைக்கு மேலே சத்தமாகப் பேசினாள். "அதுலதான் சார் தகராறு. நான் என்னுதுங்கறேன். அவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு. வேணும்னா நீங்களே அவர ஒரு வார்த்த—"

கரும்புக்குள் தூக்குவாளி மூடி கணீரென்று விழுந்தது. ஏட்டு திரும்பினார். "இன்னா சத்தம்?"

"காட்டுப் பன்னி சார். காலையில இருந்து இங்கியேதான் மேயுது." வாசலுக்கு நடந்துவந்து வயலைப் பார்த்துக் கத்தினாள். "ஏ பன்னி! இந்தக் கட என்னுதுன்னா சும்மா கெட. இல்லன்னா வெளிய வந்து சாருகிட்ட சொல்லு!"

காத்திருந்தாள். ஏட்டும் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தார். ஒரு தோகைகூட அசையவில்லை.

"என்னுதுதான் சார்" என்றபடி, டீத்தண்ணியை அடுப்பில் ஏற்றப் போனாள் சாலம்மாள்.